வாங்க என்று கேட்காத பதினாலு பொங்கல்

கண்ணு,

நீ அனுப்பிய பெரிய காகிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. பதில் வரவில்லையே என்று தபால்காரரைத் திட்டிக்கொண்டிருப்பாய். அவர் மேல் குற்றமில்லை. நாலாக மடித்து வந்ததைப் பிரித்தேன், கட்டிலில் பாதியை அடைத்துக்கொண்டது. உங்கப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "டெல்லிக்குப் படிக்க அனுப்புனா ஊடு கட்டற பிளான் போட்டு அனுப்பிச்சிருக்கானே" என்றார். நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு. இடது பக்கம் உலகம், வலது பக்கம் உன் அப்புச்சி, என்னைப் பெற்றவர். இடது பக்கத்தை நீயே நிரப்பிவிட்டாய். சண்டை, பஞ்சம், ராஜ்யம் கைமாறியது என்று மேலிருந்து கீழே முத்து முத்தாக எழுதியிருக்கிறாய். வலது பக்கம் வெள்ளை. "அம்மா, அப்புச்சியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை அந்தந்த வருஷத்துக்கு நேராக எழுதி அனுப்புங்கள். ஒரு சாதாரண விவசாயியின் வாழ்க்கையை உலகத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறாய். சரித்திரம் படிக்கிற பிள்ளைக்கு ராஜாக்கள் எல்லாம் தீர்ந்துபோய் எங்கய்யன் கிடைத்தாரா என்று முதலில் சிரித்தேன். அப்புறம்தான் கீழே அந்த ஒரு வரி கண்ணில் பட்டது.

வலது பக்கத்தில் நீயாக எழுதியிருந்தது அந்த ஒரே வரிதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டுக்கு நேராக, பென்சிலால், சின்ன எழுத்தில்: "மருந்து வாங்கப் போன அப்புச்சி தாமதம் செய்தார். அக்கா இறந்தாள். (அம்மா சொன்னது)." அதன் முடிவில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாய். மற்ற எதற்கும் கேள்விக்குறி இல்லை. பதினோரு நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதும் அந்தக் குறிதான் கண் முன்னால் நிற்கிறது. இன்றைக்கு மத்தியானம் உங்கப்பா சாப்பிட்டுப் படுத்த பிறகு பேனாவை எடுத்துவிட்டேன். அந்த வரியை அழிக்க வேண்டியவள் நான்தான். ஆனால் வெறுமனே ரப்பரால் அழித்து அனுப்பினால் நீ ஏன் என்று கேட்பாய். அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அழிக்கிறேன்.

முதலிலிருந்தே வருகிறேன். நேராக அந்த வருஷத்துக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை என்று வைத்துக்கொள். அப்புச்சி பிறந்த வருஷம் யாருக்கும் தெரியாது. தாது வருஷத்துப் பஞ்சம் தெளிந்து மூன்றாவது மழைக்குப் பிறந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். நீ இடது பக்கத்தில் அந்தப் பஞ்சத்துக்கு இங்கிலீஷ் வருஷம் போட்டிருக்கிறாய், அதிலிருந்து மூன்று மழை எண்ணிக்கொள். பார்த்தாயா, நீ டெல்லியில் உட்கார்ந்து கண்டுபிடித்த வித்தையை எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஊர்க்காரர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். கிணத்துக்கடவுக்குக் கிழக்கே கரிசல் காடு. அதில் அவர் போட்டது கம்போடியா பருத்தி. கம்போடியா என்று ஒரு தேசம் இருப்பதே நீ ஹைஸ்கூலில் படிக்கும்போது சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரைக்கும் அது ஒரு விதையின் பெயர் என்றே நினைத்திருந்தேன். எங்கய்யனும் அப்படித்தான் நினைத்திருப்பார். எங்கள் ஊரில் அப்பாவை அய்யன் என்றுதான் சொல்வோம். இந்தக் கடிதம் முழுக்க எனக்கு அப்படித்தான் எழுத வரும்.

முதல் சண்டைக்கு நேராக எழுத ஒன்றும் இல்லை, எங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்கு யாரும் போகவில்லை. ஆனால் அது முடிந்த வருஷத்துக்கு நேராக, "விஷக்காய்ச்சல், உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் சாவு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அதற்கு எனக்கு ஒரு பக்கம் வேண்டும். எங்கம்மாவுக்கு முன்னால் அய்யனுக்கு ஒரு பெண்சாதி இருந்தது உனக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகள். அந்த ஐப்பசி மாதம் ஒன்பது நாளுக்குள் மூன்று பேரும் போய்விட்டார்கள். தூக்கிப் போக ஊரில் ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு படுக்கை. வண்டியில் வைத்து அவரே ஓட்டிக்கொண்டு போனாராம், மூன்று தடவையும். இதை எங்கம்மா எனக்குச் சொன்னார். அய்யன் தன் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்குப் பேச்சு வராது. ஆனால் வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால் அன்றைக்கு அவர் சோறு உண்ணமாட்டார். எனக்கு வெறும் சளிக்காய்ச்சல் வந்தால்கூட நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கட்டுத்தறிப் பக்கம் போய் மாடுகளோடு நின்றுகொள்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்து கையை வைப்பார். இதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள். எனக்கும் இது நன்றாக ஞாபகம் இருந்தது.

அதற்குக் கீழே, நான் பதினோரு வயதுப் பெண்ணாக இருந்த காலத்துக்கு நேராக, "உலக வியாபாரம் படுத்தது, விளைபொருள் விலை சரிந்தது" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் என் பிறந்த வீட்டில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது எப்போது என்று யார் கேட்டாலும் அந்த வருஷத்தைத்தான் சொல்வேன். அந்த வருஷம் பருத்தியைக் கேட்பார் இல்லை. விற்றால் எடுத்த கூலிக்குக்கூடக் காணாது என்று அய்யன் அவ்வளவையும் வீட்டுக்குள்ளேயே போட்டுவிட்டார். முன் அறை நிறைய, உள் அறை நிறைய, உத்தரம் முட்டும் அளவுக்கு வெள்ளைப் பருத்தி. நானும் உன் மாமனும் பரண் மேல் ஏறி அதில் குதிப்போம். மூக்கு, காது, தலைமயிர் எல்லாம் பஞ்சு. எங்கம்மா திட்டுவார். அய்யன் திட்டவே இல்லை, கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்கள் விளையாடுவதை ரசிக்கிறார் என்று எனக்குப் பெருமை. எத்தனை தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை, பருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இத்தனை வருஷம் கழித்து உன் காகிதத்தைப் பார்த்துத்தான் உறைத்தது. அந்த வருஷம்தான் கட்டுத்தறியில் நின்ற காங்கேயம் காளைச் சோடி ஒரு நாள் காணாமல் போனது. அதைப் பற்றி நான் கேட்கக்கூட இல்லை.

இனி அந்த வருஷம். எனக்குப் பதினாறு வயதில் கல்யாணம் ஆயிற்று, உங்கப்பாவுக்கு வால்பாறையில் எஸ்டேட் ஆபீசில் கிளார்க் வேலை. மேலே குவார்ட்டர்ஸில் குடித்தனம். உன் அக்கா தங்கமணி அங்கேதான் பிறந்தாள், அவளுக்கு நாலு வருஷம் கழித்து நீ பிறந்தாய். மலையில் மழை பிடித்தால் கூடவே குளிர்காய்ச்சலும் பிடிக்கும். அதனால் வருஷா வருஷம் மழைக்கு முன்னாலேயே டிஸ்பென்சரியிலிருந்து கம்பவுண்டர் வீட்டுக்கு வீடு கொய்னாப் பொட்டலம் கொடுத்து அனுப்புவார், குயினைன் மருந்து. அப்படி ஒரு கசப்பு. வெல்லத்துக்குள் வைத்துக் கொடுத்தால் தங்கமணி வெல்லத்தைத் தின்றுவிட்டு மருந்தை மட்டும் சாமர்த்தியமாகத் துப்பிவிடுவாள். அந்த வருஷம் மழைக்குப் பொட்டலம் வரவில்லை. நான் டிஸ்பென்சரிக்கே போய்க் கேட்டேன். "மேலிருந்து வரலீங்கம்மா. வந்தா மொதப் பொட்டலம் உங்குளுக்குத்தானுங்க" என்று கையை விரித்துவிட்டார். ஆடி மாதம் தங்கமணிக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் பல் கிட்டும்படி நடுக்கம், மறுநாள் எழுந்து உட்கார்ந்து விளையாட்டு, அதற்கு மறுநாள் மறுபடியும் நடுக்கம். நீ அப்போது ஒரு வயதுக் குழந்தை, மடியை விட்டு இறங்கமாட்டாய்.

தகவல் தெரிந்ததும் அய்யன் மேலே வந்துவிட்டார். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய காலம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிடும், ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய மனுஷர் தள்ளிக்கொண்டு வந்து, நனைந்த துண்டோடு நேராகத் தங்கமணியிடம் போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றார். நான் பின்னாலேயே போய், "இங்க மருந்து இல்லீங்கய்யா. கீழ போயி எங்கிருந்தாச்சும் கொய்னா வாங்கியாங்க" என்றேன். "ரெண்டே நாளுங் கண்ணு. கொண்டாந்துபோடறேன்" என்றார். திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு இறங்கினார். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. தங்கமணி நடுக்கம் விட்ட நேரத்திலெல்லாம், "அப்புச்சி வந்துட்டாருங்களாம்மா" என்று கேட்டாள். மருந்து கசக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை துப்பமாட்டேன் என்று அவளாகவே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எஸ்டேட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் லாரிக்காரர் வந்தார். அய்யனை எங்கேயாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். "நேத்து பொள்ளாச்சி சந்தையில பார்த்தேனுங்க. மாட்டுத் தரகருங்ககூட நின்னு பேசிட்டிருந்தாருங்க" என்றார். பொள்ளாச்சியில் வியாழக்கிழமை மாட்டுச் சந்தை. அய்யனுக்கு மாடு என்றால் உயிர். நல்ல சோடி கண்ணில் பட்டால் போகிற காரியத்தை மறந்துவிட்டுப் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று வீட்டில் கேலி செய்வோம். அந்தக் கேலி அன்றைக்கு என் நெஞ்சில் கத்தியாக இறங்கியது. அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்குத் தங்கமணி போய்விட்டாள். அவளுக்கு ஐந்து வயது கண்ணு. அவள் போட்டோகூட நம்மிடம் இல்லை. சனிக்கிழமை காலையில் அவளைக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்கள் திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அய்யன் படியில் வந்து நின்றார். கையில் நிலவேம்புக் கட்டு ஒன்று இருந்தது, காய்ந்த தழை. வாசலில் நின்றவர்களைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? இருபத்துமூன்று வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்கப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள், அத்தனை பேரும் இருக்கும்போது, "சந்தையில நல்ல சோடியா அமைஞ்சுதுங்களா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "எங்கியும் இல்லீங் கண்ணு. சண்டையாமா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சண்டை எங்கோ கடலுக்கு அப்பால் நடக்கிறது, இந்த ஊர்க் கடையில் இருக்கிற மருந்துக்கு என்ன வந்தது, சாக்குச் சொல்லக்கூட இவருக்குச் சரியாகத் தெரியவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிலவேம்புக் கட்டைப் பிடுங்கி மழையில் எறிந்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த மழை முடிந்ததும் உங்கப்பா எஸ்டேட் வேலையை விட்டுவிட்டுப் பீளமேட்டில் மில் ஆபீசில் சேர்ந்தார். உனக்கு நினைவு தெரிந்த வீடு அதுதான், கேட்டுக்குப் பக்கத்தில் முருங்கை மரம் நின்ற வீடு. தை பிறக்கப் போகிறது என்றால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் சீர் வர வேண்டும். அய்யன் ஒரு வருஷமும் தவறவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் பஸ்ஸில் வந்து இறங்கி, தோளில் கரும்பு, கையில் வெல்லமும் தேங்காயும் மஞ்சளும் எனக்கு ஒரு சேலையும் போட்ட பையோடு நடந்து வருவார். வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். அவர் அந்தக் காலத்து மனுஷர், மகள் வீடானாலும் வாங்க என்று ஒரு வார்த்தை கேட்காமல் படி ஏறமாட்டார். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? பகையாளியே படிக்கு வந்தாலும் வாங்க என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. நான் என் அய்யனை அந்த ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கப்பா வெளியே போய், "வாங்க மாமா" என்று கேட்டு அழைத்து வருவார். நான் சொம்பில் தண்ணீர் கொடுப்பேன். இலை போட்டுச் சோறு போடுவேன், நெய் ஊற்றுவேன், ஒரு குறை வைக்கமாட்டேன். ஊர் என்னைக் குற்றம் சொல்ல இடம் வைக்கவில்லை. வாயை மட்டும் திறக்கமாட்டேன். அவர் கொண்டுவந்த சேலைகளைப் பாத்திரம் துலக்குகிற அம்மாவுக்குக் கொடுத்துவிடுவேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "அப்ப வாரேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் போவார். அதற்கும் பதில் சொல்லமாட்டேன்.

நடுவில் ஒரு பொங்கல் உண்டு. அது உனக்கு ஞாபகம் இருக்காது, இருந்திருந்தால் நீ எப்போதாவது கேட்டிருப்பாய். நாடு விடுதலையான பிறகு வந்த முதல் பொங்கல். உங்கப்பாவுக்கு அன்றைக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. அய்யன் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். கரும்பை இறக்கிச் சுவரில் சாய்த்தார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். இங்கிருந்து அவருக்கு நான் தெரியமாட்டேன், எனக்கு அவர் தெரிவார். வெயில் ஏறியது. துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும், அவர் கூப்பிடவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. நான் அரிந்த காயையே மறுபடியும் அரிந்துகொண்டிருந்தேன். அப்போது நீ எங்கேயோ விளையாடிவிட்டு ஓடி வந்தாய், ஏழு வயதுகூட நிறையவில்லை. "ஏனுங்கப்புச்சி வெளிய நிக்கறீங்க? வாங்கப்புச்சி, வாங்க" என்று கேட்டைத் திறந்து அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாய். அவர் முகத்தை அன்றைக்கு நான் பார்த்தேன். ஒரு குழந்தை கூப்பிட்டதற்கு ஒரு பெரிய மனுஷர் அப்படிச் சந்தோஷப்படலாமா என்று எனக்குக் கோபம் வந்தது.

உன்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டேன். தொடையில், சதை கன்றிப்போகும்படி கிள்ளினேன். "இனிமே அவரை வாங்கன்னு கேட்டீன்னா தோலை உரிச்சுப்போடுவேன். உங்கக்காளைக் கொன்னவரு அவரு" என்றேன். நீ அழவில்லை. எதற்கு என்று புரியாமல் என் முகத்தையே பார்த்தாய். அந்த வீட்டில் சமையலறைக்கும் முன் அறைக்கும் நடுவே ஒரு தட்டிதான் மறைப்பு. நான் தண்ணீர்ச் சொம்போடு முன்னால் போனபோது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குச் சோறு உண்ணவில்லை. தண்ணீரை மட்டும் குடித்தார். "பையனை அடிக்காதீங் கண்ணு. அவனுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு, "வாரேன்" என்று போய்விட்டார். அதற்குப் பிறகும் எட்டுப் பொங்கலுக்கு வந்தார். உங்கப்பா மில்லிலிருந்து திரும்பும் நேரம் பார்த்துச் சாயங்காலமாக வருவார். நீ அவரைக் கண்டால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாய். எனக்கு அப்போது அது திருப்தியாக இருந்தது.

ஐம்பத்தாறாம் வருஷம் பங்குனியில் அய்யன் தவறிப்போனார். போனேன். எழவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கேட்கமாட்டார்கள், அது எனக்கு வசதியாகப் போயிற்று. எல்லாம் முடிந்த பிறகு உன் மாமன் என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். "அக்கா, அய்யன் அன்னிக்குச் சந்தைக்கு மாடு பாக்கப் போகலீங்கக்கா. பொள்ளாச்சியில கடை கடையா ஏறி எறங்கிட்டு, கோயமுத்தூருக்கும் போயி அங்கியும் இல்லாம, மலையாளத்துப் பக்கமிருந்து வர்ற தரகருங்ககிட்ட யாராச்சும் கொய்னா வெச்சிருக்காங்களான்னு கேட்டுட்டு நின்னிருக்காரு. அதுல ஒருத்தரு குடுத்ததுதான் அந்த நெலவேம்பு. மறுநாளும் தேடிப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறியிருக்காரு." நான் "போதும் நிறுத்து. செத்தவரை நல்லவரா ஆக்கறதுக்கு நல்ல நாள் பார்த்தே" என்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் சொன்னதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. நினைக்காமல் இருப்பதற்குப் பாடுபட்டேன் என்பதுதான் சரி.

இப்போது உன் காகிதத்துக்கு வருகிறேன். அதே நாற்பத்திரண்டுக்கு நேராக, இடது பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: "மார்ச்சில் ஜாவா தீவு ஜப்பான்காரர் வசமானது. உலகத்துக் கொய்னாவில் பெரும் பங்கு அங்கிருந்துதான் வந்தது. இருந்த சரக்கு முதலில் பட்டாளத்துக்கு." இதைத் தெரிந்துதான் எழுதினாயா, இல்லை, புத்தகத்தில் வந்ததால் எழுதினாயா? தெரிந்துதான் எழுதியிருப்பாய். அதனால்தான் பென்சில், அதனால்தான் கேள்விக்குறி. அம்மாவிடம் நேராகக் கேட்க மனம் வராமல் இவ்வளவு பெரிய காகிதத்தில் உலகத்தையே எழுதி அதற்குள் இதை வைத்து அனுப்பியிருக்கிறாய். அந்த வரியை நான் உங்கப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "எஸ்டேட் ஆபீசுக்கு அப்பவே சர்க்குலர் வந்துதே. உங்கிட்டச் சொன்னனே" என்றார். எப்போது சொன்னீர்கள் என்று சண்டைக்குப் போனேன். "ரெண்டு மூணு தடவை சொன்னேன். நீ காது குடுக்கலே. அப்பறம் விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை.

அப்படியானால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது கண்ணு. அய்யனே சண்டை என்று சொன்னார். உங்கப்பா சொன்னார். உன் மாமன் சொன்னான். இரண்டு பிள்ளைகளை அதே மாதிரிக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு வண்டியோட்டிக்கொண்டு போன மனுஷர், பேத்தி நடுங்கிக்கொண்டு கிடக்கும்போது மாட்டுக்கு விலை பேசிக்கொண்டு நிற்பாரா என்று எனக்கே தெரியாதா? தெரியும். ஆனால் தங்கமணி செத்ததற்கு நான் யார் மேலாவது விழ வேண்டியிருந்தது. ஜாவாவை நான் எங்கே போய்த் திட்டுவேன்? ஜப்பான்காரன் என் கேட்டுக்கு வெளியே கரும்போடு வந்து நிற்பானா? அய்யனைத் திட்டினால் அய்யன் கேட்டுக்கொண்டு நிற்பார். அதனால் அவரைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகு விட முடியவில்லை. விட்டால் தங்கமணியையே விட்டுவிட்ட மாதிரி இருந்தது. அவரும் ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசவில்லை. மகளுக்கு இது வேண்டியிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

உனக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். நீ இன்னும் என்னென்னவோ படிப்பாய், பெரிய பெரிய காரணங்கள் எல்லாம் உனக்குக் கைவசம் இருக்கும். நாளைக்கு உனக்கும் தாங்க முடியாத ஒன்று நடக்கும், எல்லோருக்கும் நடக்கிறது. அன்றைக்குக் கைக்கு எட்டுகிற தூரத்தில் உன் மேல் பாசம் வைத்த ஒருவர் நிற்பார். அவரைப் பிடித்து அடிக்காதே. இன்னொன்று. அப்புச்சிக்கு நேராக உலகத்தை எழுதினாய், அது அவருக்கு நியாயம் செய்தது. ஆனால் அம்மா அப்படி இருந்ததற்கும் சண்டைதான் காரணம், மகளைப் பறிகொடுத்த வேதனைதான் காரணம் என்று எழுதி என்னைத் தப்பவைக்கப் பார்க்காதே. மருந்து இல்லாமல் போனதற்கு ஜாவா காரணம். ஜன்னலுக்குப் பின்னால் அவரைக்காய் அரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது நான். அதை எந்தத் தேசத்திலும் யாரும் தீர்மானிக்கவில்லை.

காகிதத்தை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். தாதுப் பஞ்சத்திலிருந்து தெரிந்த வரைக்கும் எழுதியிருக்கிறேன். விஷக்காய்ச்சலுக்கு நேராக அந்த மூன்று பேரையும் எழுதியிருக்கிறேன், பெயர் தெரியவில்லை, உன் மாமனிடம் கேட்டுப் போட்டுக்கொள். பருத்தி வருஷத்துக்கு நேராக, "குழந்தைகள் குதித்தார்கள், காளை விற்றார்" என்று எழுதியிருக்கிறேன். நாற்பத்திரண்டுக்கு நேராக இருந்த உன் பென்சில் வரியை ரப்பரால் அழித்தேன். காகிதம் அந்த இடத்தில் கொஞ்சம் மெலிந்துவிட்டது. அங்கே மசியால், "மருந்து தேடி ஐந்து நாள் அலைந்தார். எங்கும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கேள்விக்குறி வேண்டாம்.

நாற்பத்தெட்டுக்கு நேராக, "பொங்கலுக்கு முந்தின நாள் பேரன் வாங்க அப்புச்சி என்று கேட்டான், உள்ளே வந்தார்" என்று எழுதியிருக்கிறேன். அவருடைய மகள் வீட்டில் அவருடைய ரத்தத்தில் வந்தவர்களில் அவரை வாங்க என்று கேட்டது நீ ஒருவன்தான். உனக்கு ஞாபகம் இல்லாவிட்டாலும் அது நடந்தது, நான் பார்த்தேன். அதற்குக் கீழே எட்டு வருஷத்துக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை. எழுத மறந்துவிட்டேன் என்று நினைத்து நீ எதையாவது போட்டு நிரப்பிவிடாதே. அந்த வெள்ளை அப்படியே இருக்கட்டும். அங்கேதான் அவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார்.

அம்மா